பேலட்: சொல் விளக்கம்

பாப் இசைக்குழு ஒன்று மெதுவான, உருக்கமான காதல் பாட்டை வெளியிட்டால் அதை 'பேலட்' என்கிறார்கள். குமரி மாவட்டத்தில், எங்கள் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் கல்யாண மேடைகளில் பாடும் பிள்ளைகளும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். எல்லை தாண்டிக் கேரளத்தில் மலையாள இலக்கியம் படித்தவரிடம் கேட்டால், பேலட் என்றால் வடகேரளத்து வீரர்களின் கதையைப் பாடும் வடக்கன் பாட்டு, தச்சோளி ஒதேனன் என்ற வீரனின் கதை என்பார். இரண்டும் சரிதான்.

பேலட்டின் வேர்ச்சொல், பிற்கால இலத்தீனில் ஆடுதலைக் குறித்த 'பல்லாரே'. பாலே என்ற ஆட்டத்தின் பெயரும் அந்த வேரில் பிறந்ததே. போர்ச்சுகீசியர் நம் கோயில்களில் ஆடிய பெண்களை 'பைலதெய்ரா' என்று அழைத்தார்களே, அதுவும் இதே வேர்தான். தெற்குப் பிரான்சில் ஆட்டத்துக்குப் பாடிய பாட்டு, இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் போனபோது ஆட்டத்தை உதறிவிட்டுக் கதையை ஏற்றிக்கொண்டது. போர், கொலை, கைகூடாத காதல், ஆவி என்று அவற்றில் இல்லாத கதை இல்லை. அப்படிப்பட்ட 305 பாடல்களை அமெரிக்க அறிஞர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கூடத்தில் பியானோவோடு பாடும் உருக்கமான பாட்டுக்கும் இதே பெயர் வந்தது. பாப் இசை எடுத்துக்கொண்டது அந்த உருக்கத்தையும் மெதுநடையையும்தான்.

பழைய பொருளுக்குத் தமிழில் 'கதைப்பாடல்' என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது. முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மன் கதையையும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை அப்படித்தான் பதிப்பித்தார். எங்கள் பகுதிக்கே உரியது இரவிக்குட்டிப்பிள்ளைப் போர். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையை எதிர்த்து, நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் மாண்ட வேணாட்டு (பழைய திருவிதாங்கூர்) படைத்தலைவன் இரவிக்குட்டிப்பிள்ளையின் கதை அது. தமிழும் மலையாளமும் விரவிய மொழியில் வில்லடித்துப் பாடுவார்கள். மலையாளிகள் அதைத் தெக்கன் பாட்டில், அதாவது தென்பகுதிக் கதைப்பாடல்களில், சேர்க்கிறார்கள். நாம் தமிழ்க் கதைப்பாடல் என்கிறோம். இரு பக்கத்துக்கும் அதில் உரிமை உண்டு என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் பாப் பேலட்டைக் கதைப்பாடல் என்று பெயர்த்தால் பிழையாகும். அதில் கதை கட்டாயமில்லை, நடைதான் முக்கியம். சிலப்பதிகாரத்தின் பழைய உரை பாட்டின் நடையை முதனடை, வாரம், கூடை, திரள் என்று நான்காக வகுக்கிறது. முதனடை மிக மெதுவான நடை, திரள் முடுகிய, அதாவது விரைந்த நடை. 'முதனடைப் பாட்டு' என்றே பெயர் வைக்க எனக்கு ஆசைதான். இன்றைய காதுக்கு அது 'முதல்' என்று விழும் என்பதால் 'மென்னடைப் பாட்டு' என்பதையே பரிந்துரைக்கிறேன். கேட்டதும் பொருள் புரியும், மெதுநடை, உருக்கம் இரண்டும் அதில் வந்துவிடும்.

இந்தப் பாட்டோடு வரும் படத்துக்கு, அதாவது 'மியூசிக் வீடியோ'வுக்கு, 'பாடல் காணொளி' என்ற பெயர் போதும். 1981இல் அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு இசைக்குழுக்களுக்கு இது இன்றியமையாததாகிவிட்டது. சொல்லில் இல்லாத கதையைப் பல மென்னடைப் பாட்டுகள் இந்தப் படத்தில்தான் வைக்கின்றன: பிரிவு, ரயில் நிலையம், திரும்பி வராத ஒருவர். அவ்வளவில் பேலட்டின் பழைய பொருள் காட்சியாகத் திரும்பி வந்திருக்கிறது.

இன்னொன்று. தனியாக வெளியாகும் பாட்டை இங்கே 'ஆல்பம் சாங்' என்கிறார்கள். ஆல்பம் என்பது பல பாட்டுகளின் தொகுப்பு. தனியே வருவது 'சிங்கிள்'. 'ஒற்றைப் பாட்டு' என்றால் குழப்பம் இராது.