50-உம் 20-உம் சேர்ந்தால் 70 தள்ளுபடியா?

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் "50% + 20%" என்ற அட்டைகள் கடைக்குக் கடை தொங்கும். செந்தூலில் இருந்து ஒரு வாசகர் இதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். 200 ரிங்கிட் புடவை. 70 விழுக்காடு போய்விடும், 60 ரிங்கிட் கொடுத்தால் போதும் என்று நினைத்து வரிசையில் நின்றிருக்கிறார். கவுண்டரில் 80 ரிங்கிட் கேட்டார்களாம். ஏமாற்றுகிறார்களா என்பது அவர் கேள்வி.

இல்லை, கடையில் போட்ட கணக்கு சரிதான். முதல் தள்ளுபடியில் 200 பாதியாகி 100 ஆகிறது. இரண்டாவது தள்ளுபடி அந்த 100-க்கு மட்டும்தான். அதில் 20 போனால் 80. இதுவரை ஆறாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லிவிடும். வாசகர் எதிர்பார்த்துக் கிடைக்காமல் போன 20 ரிங்கிட் எங்கே போனது? ருசியான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் பத்துக்குப் பத்து என்று ஒரு சதுரம் வரையுங்கள். நூறு கட்டமும் சேர்ந்ததுதான் பொருளின் விலை. ஒரு கட்டம் ஒரு விழுக்காடு. படம் தெளிவாக விழுவதற்காகத் தள்ளுபடிகளை 30, 20 என்று வைத்துக்கொள்வோம். முதல் தள்ளுபடிக்கு இடது ஓரத்திலிருந்து மூன்று நெடுவரிசைகளை நீலப் பென்சிலால் தீட்டுங்கள். முப்பது கட்டம் போயிற்று. அடுத்த தள்ளுபடிக்கு மேலிருந்து இரண்டு கிடைவரிசைகளை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சிவப்பால் தீட்டுங்கள்.

இப்போது இடது மேல் மூலையைப் பாருங்கள். ஆறு கட்டங்கள் ஊதாவாகியிருக்கும். நீலம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுபோன கட்டங்கள் மேல் சிவப்பும் ஏறியிருக்கிறது. ஒருமுறை போன கட்டம் போனதுதான், அதையே மறுபடி எடுக்க முடியாது. 30-ஐயும் 20-ஐயும் கூட்டி 50 என்றபோது நாம் அந்த ஆறையும் இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒரு தடவை கழித்தால் 44. உண்மையான தள்ளுபடி அவ்வளவுதான்.

நிறம் படாமல் மிஞ்சியது ஏழுக்கு எட்டு என்ற செவ்வகம், 56 கட்டம். நாம் கொடுக்க வேண்டிய பணம் அது. "இரண்டையும் கூட்டு, இரண்டின் பெருக்கலை நூறால் வகுத்துக் கழி" என்று ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள். 0.7-ஐ 0.8-ஆல் பெருக்கு என்பது இன்னொரு வழி. முன்னது நிறம் பட்ட கட்டங்களை எண்ணுகிறது, பின்னது வெள்ளைக் கட்டங்களை எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். 20 முதலில், 30 பிறகு என்றால் விலை மாறுமா என்று சந்தேகமா? தாளைக் கால் சுற்றுத் திருப்புங்கள். நெடுவரிசை கிடைவரிசையாகும், வெள்ளைச் செவ்வகம் அப்படியே இருக்கும். எனக்கு இந்தப் படத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. எத்தனை முறை வரைந்தாலும் அந்த ஊதா மூலை மனத்தை நிறைக்கிறது.

வாசகரின் புடவைக்கு மூலையில் ஐந்துக்கு இரண்டு, பத்துக் கட்டம். 200 ரிங்கிட்டில் ஒரு கட்டம் 2 ரிங்கிட். காணாமல் போன 20 ரிங்கிட் இதோ அகப்பட்டுவிட்டது.

மூன்றாவதாக இன்னொரு 10 விழுக்காடு வந்தால் சதுரம் கனசதுரமாகும். ஆயிரம் சின்னக் கட்டிகளில் 7 × 8 × 9, அதாவது 504 மிஞ்சும். கூட்டிப் பார்த்தால் 60 போலத் தெரிகிற தள்ளுபடி உண்மையில் 49.6.

அந்த மூலை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. 35 + 35, 60 + 10 இரண்டுமே கூட்டினால் 70. முதலாவதில் மூலை 35-க்கு 35, சதுரம். கூட்டுத்தொகை மாறாத நீள அகலங்களில் சதுரத்துக்குத்தான் பரப்பு அதிகம். அதனால் நாம் இழப்பதும் அதிகம். 35 + 35 உண்மையில் 57.75 விழுக்காடு, 60 + 10-ஓ 64. தள்ளுபடியைச் சரிபாதியாகப் பிரித்துப் போட்டால் கடைக்கு லாபம்.

இதை வகுப்பில் வரைந்து காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம். ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-ல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பயிற்சிப் புத்தகத்தில் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் கையில் இரண்டு வண்ணப் பென்சிலைக் கொடுங்கள், சூத்திரத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வாசகர் கடைசியாக வவுச்சரைப் பற்றியும் கேட்டிருந்தார். அங்கே மட்டும் வரிசை முக்கியம். 100 ரிங்கிட் பொருள், 20 விழுக்காடு தள்ளுபடி, 20 ரிங்கிட் வவுச்சர் என்று வையுங்கள். தள்ளுபடி முதலில் என்றால் 80, அப்புறம் வவுச்சர் போக 60. வவுச்சரை முதலில் நீட்டினால் மீதி 80, அதில் 20 விழுக்காடு போக 64. வவுச்சர் விலையை முன்கூட்டியே இறக்கிவிடுவதால் தள்ளுபடியில் 4 ரிங்கிட் குறைந்துவிடுகிறது; 20 ரிங்கிட் வவுச்சருக்கு 16 ரிங்கிட் மதிப்புதான் கிடைக்கிறது. ஆகவே பில் போடுவதற்கு முன்பே, தள்ளுபடியைக் கழித்துவிட்டு வவுச்சரை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.