பணிக்கொடை: ஒரு சொல் விளக்கம்

பஞ்சாலையில் 32 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, நிர்வாகத்துக்குத் தாம் எழுதியிருந்த விண்ணப்பத்தைத் திருத்தித் தரச் சொல்லி நீட்டினார். "சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து என் கிராஜுவிட்டிப் பணத்தை வழங்கியருள வேண்டுகிறேன்" என்று அதில் இருந்தது. தமிழில் பணிக்கொடை எனப்படும் கிராஜுவிட்டி, வேலையை விட்டுச் செல்பவருக்கு, விண்ணப்பம் வந்தாலும் வராவிட்டாலும் நிர்வாகமே கணக்கிட்டு 30 நாளுக்குள் தர வேண்டிய தொகை. அதற்காக அவரைக் கருணை கேட்க வைத்ததில், அந்தப் பெயருக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

கிராஜுவிட்டி என்பதன் வேர் இலத்தீன். 'கிராத்துஸ்' என்றால் மனத்துக்கு இனியது, நன்றியுடையது. அதன் வழிவந்த 'கிராத்துயீத்துஸ்' விலையின்றித் தரப்பட்டதைக் குறிக்கும். உணவகத்தில் பரிமாறியவருக்கு வைத்துவிட்டு வரும் காசுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 'எக்ஸ் கிரேஷியா'வும் இந்தக் குடும்பத்துச் சொல்லே. தீபாவளியை ஒட்டித் தமிழக அரசு தன் பொதுத்துறை ஊழியர்களுக்கு 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையும் அறிவிக்கும்போது, அந்தக் கருணைத்தொகைதான் எக்ஸ் கிரேஷியா. இலத்தீனில் ஒன்றாகப் பிறந்த இரண்டையும் தமிழ் பிரித்து வைத்திருப்பது நல்லதே: கருணைத்தொகை தருபவரின் விருப்பத்தைச் சார்ந்தது, பணிக்கொடை சட்டத்தைச் சார்ந்தது.

கேரளமும் மேற்கு வங்கமும் தனித்தனியே சட்டம் இயற்றிய பிறகு, 1972இல் இந்தியா முழுமைக்குமான பணிக்கொடைச் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவர், ஓய்வு பெற்றாலும் தாமாக விலகினாலும் இதற்கு உரியவர். இறப்பிலும் உடல் முடங்கிப்போன நிலையிலும் அந்த ஐந்தாண்டு வரம்பும் இல்லை. அந்தச் சட்டப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்தால் ஒருநாள் ஊதியம். ஆண்டுக்கு அதுபோல் 15 நாள். மாதம் 26,000 ரூபாய் வாங்கியவர் பத்தாண்டு ஏழு மாதம் உழைத்திருந்தால், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓராண்டாகக் கொள்ளப்படுவதால், 1,000 × 15 × 11, அதாவது 1,65,000 ரூபாய்.

பெரிய நிறுவனங்களின் நியமனக் கடிதத்தோடு வரும் சி.டி.சி. கணக்கை, அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஆண்டில் செய்யும் மொத்தச் செலவின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 விழுக்காடு என்ற எண் பழக்கமாக இருக்கும். 15ஐ 26ஆல் வகுத்து, பிறகு 12ஆல் வகுத்தால் கிடைப்பது அது. வேலையில் சேரும் நாளிலேயே ஆண்டுச் சம்பளத்தின் ஒரு பகுதியாக எழுதிக் காட்டப்படும் பணம், பின்னால் தரப்படும் ஊதியமே. அப்படியிருக்க, நான்கரை ஆண்டில் ஒருவரைத் தாமாக விலகுவதுபோல் எழுதிக் கொடுக்கச் சொல்வதும், ஒப்பந்ததாரரை மாற்றி அதே தொழிலாளியின் பணிக்காலத்தை முதலிலிருந்து தொடங்குவதும் ஊதியத்தைப் பறிப்பதாகும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், குறித்த கால ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டை ஓராண்டாகக் குறைத்திருப்பது, இந்தச் சூழலில் பெரிய ஆறுதல்.

தமிழில் பணிக்கொடை என்ற சொல் அரசாணைகளில் நிலைத்துவிட்டது. இலங்கையிலும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை இப்பெயரால்தான் சுட்டுகிறோம். கொடை என்றதும் வள்ளல்களே நினைவுக்கு வருவதால் அந்தச் சொல் மேல் எனக்கு நெடுநாள் மனக்குறை இருந்தது. ஆனால் அதன் வேரான 'கொடு' எளிய சொல் அன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் கேட்பவரின் சொற்களாகப் பேசும் தொல்காப்பியம், 'ஈ' என்பது இழிந்தோன் கூற்று, 'தா' என்பது ஒப்போன் கூற்று, 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று என்கிறது. கொடு என்று கேட்பவர் கைகட்டி நிற்பவர் அல்லர். பெரியப்பாவின் தாளில் 'வழங்கியருள' என்பதை அடித்துவிட்டு, சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசிச் சம்பளம், கணக்கிட்ட தொகை ஆகியவற்றை எழுதி, 'வழங்க வேண்டும்' என்று முடித்தேன்.

சொல்லை மாற்றலாம் என்றால், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் 'சேவைக்காலப் பணம்' என்பதையே நான் முன்வைப்பேன். கொடுப்பவரைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. உழைத்த காலமும் அதற்குரிய பணமும் மட்டுமே இருக்கின்றன.