தொண்டர்: ‘வாலண்டியர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் எது சரி?

தேர்தல் நேரத்தில் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டால், ‘நாளைக்குக் கோட்டை மைதானத்துக் கூட்டத்துக்கு வாலண்டியரா போறோம்’ என்பார்கள். அங்கே போனதும் சட்டையில் ஊக்கால் குத்திவிடும் அட்டையில் ‘தொண்டர்’ என்று அச்சடித்திருக்கும். மறுநாள் செய்தியில் அதே பிள்ளைகள் ‘தன்னார்வலர்கள்’ ஆகிவிடுவார்கள். மூன்றையும் ஒரே பொருளில்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் வாலண்டியர். லத்தீனில் ‘வொலுந்தாஸ்’ என்றால் விருப்பம், மனத்தின் முடிவு. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. 1600களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இது படைச் சொல்லாக இருந்தது. யாரும் பிடித்து இழுத்துப் போகாமல் தானாக முன்வந்து படையில் சேர்ந்தவருக்கு அந்தப் பெயர். பொதுவேலைக்கு வருகிறவர் என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. பேச்சுத் தமிழ் இந்த மூலப் பொருளை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. ‘அவனே வாலண்டியரா போய் மாட்டிக்கிட்டான்’ என்கிறோம். அங்கே சேவையும் கிடையாது, கட்சியும் கிடையாது; ‘தானாக’ என்பது மட்டும்தான் இருக்கிறது.

தொண்டு அப்படிப்பட்ட சொல் இல்லை. அதன் பழைய பொருள் அடிமைத்தனம், அடிமைப் பணி. தொழும்பு என்ற பழஞ்சொல்லும் அதையேதான் குறித்தது. இந்தச் சொல்லை உயரத்தில் ஏற்றி வைத்தவர்கள் பக்தி இயக்கத்தார். சுந்தரர் நாயன்மார்களை வரிசைப்படுத்திப் பாடியபோது ‘அடியார்க்கும் அடியேன்’ என்று தன்னை அடியாருக்கு அடியாராக வைத்தார். அந்தப் பதிகத்தின் பெயர் திருத்தொண்டத்தொகை. நாம் பெரியபுராணம் என்று சொல்லும் நூலுக்குச் சேக்கிழார் வைத்த பெயரிலும் திருத்தொண்டர்தான். வைணவத்தில் ஓர் ஆழ்வார், தொண்டரின் காலடித் தூசி என்பதையே பெயராகக் கொண்டார். அப்பர் கையில் இருந்ததோ உழவாரம். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில்களில் உழவாரப்பணிக்கு வருகிறவர்களைப் பார்க்கலாம். யாரும் கட்டாயப்படுத்தாமல், அன்பால் தானே ஏற்றுக்கொண்ட அடிமை என்று அடிமைத்தனத்தின் பொருளையே பக்தி இயக்கத்தார் புரட்டிப்போட்டார்கள். வாலண்டியரில் இருப்பது விருப்பம் மட்டும். தொண்டரில் விருப்பமும் உண்டு, குனிந்து செய்யும் வேலையும் உண்டு.

(நம் பகுதியைத் தொண்டை மண்டலம் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரைத் தொண்டை எனப்படும் கோவைக் கொடியோடு சேர்த்துச் சொல்வதுதான் மரபு. தொண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

கோயிலில் இருந்த சொல்லை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தது விடுதலைப் போராட்டம். ஒத்துழையாமை இயக்கத்தில் கைதான ராஜாஜியை 1921 இறுதியில் அடைத்தது நம் வேலூர்ச் சிறையில்தான். 1930இல் அவர் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது கூடவே நடந்தவர்களைத் தொண்டர்கள் என்றார்கள். அடி விழும், சிறை கிடைக்கும், கூலி கிடையாது என்று தெரிந்தே வந்தவர்கள் அவர்கள். அந்தச் சொல் அவர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு கட்சிகள் பெருகின. ஒவ்வொன்றும் தன் ஆட்களை அழைக்கத் தனிச்சொல் வைத்துக்கொண்டது. தி.மு.க.வில் உடன்பிறப்பு, அ.தி.மு.க.வில் ரத்தத்தின் ரத்தம், இடதுசாரிகளிடம் தோழர். செயல்வீரர் என்பது பொதுவாகச் சுவரொட்டியில் வரும். இவையெல்லாம் தலைவர் வாயிலிருந்து வரும் விளிகள். தெருவில் இறங்கி வேலை பார்க்கிறவருக்கு எல்லாக் கட்சியிலும் தொண்டர் என்றுதான் பெயர்.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் சொல்லின் எடை தெரியும். வேலூர் வெயிலில் மாலைக் கூட்டம் என்றால் காலையிலேயே மைதானத்தில் சவுக்குக் கம்பு இறங்கிவிடும். ஒருவர் கம்பைப் பிடிக்க இன்னொருவர் கடப்பாரையால் குழி போடுவார். நைலான் கயிறு கட்டி, நடுவில் வேன் போக வழி விடுவார்கள். மாலையில் கூட்டம் நெருக்கும்போது அந்தக் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். யாரைப் பார்க்க வந்தார்களோ அவரை அவர்கள் பார்ப்பதே இல்லை. மயங்கி விழுந்த ஆயாவைத் தூக்கிக்கொண்டு போவது, தண்ணீர் பாக்கெட்டைத் தலைக்கு மேல் கைமாற்றி அனுப்புவது, கூட்டம் கலைந்தபின் கொடிகளைச் சுருட்டுவது எல்லாம் அவர்கள் வேலைதான். அப்புறம் வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போவது. வாக்குப்பதிவு நாளில் சாவடியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டு உட்காருவது. 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்டால் குற்றம். அவர்கள் குடிக்கும் டீயைக்கூடச் செலவாகக் கணக்கெழுதுகிற தேர்தல் இது. ஆனால் அவர்கள் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியில் இந்த வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. பெரும்பணம் பிடிபட்டதால் ஏப்ரலில் நடக்கவிருந்த தேர்தலை ரத்துசெய்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. வித்தியாசம் வெறும் 8,141 வாக்குகள். அந்த அளவு நெருக்கமான தேர்தலில் எந்தத் தெருவில் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பது சாதாரண விஷயமல்ல.

சரி, தன்னார்வலர்? இது நல்ல ஆக்கம். ஆர்வலர் என்பது குறளிலேயே, அன்புடையவர் என்ற பொருளில் வருகிறது. ‘தன்’ சேர்ந்ததும் தானாக முன்வருபவர் என்றாயிற்று. வாலண்டியர் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வேண்டும் என்றால் இதுதான். ஆனால் இதற்குச் சார்பு கிடையாது. வாக்குச்சாவடியில் முதியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரைத் தன்னார்வலர் என்பது மிகச் சரி; அவர் யாருக்கு வாக்கு விழும் என்று பார்க்கக் கூடாது. கட்சிக் கொடி கட்டுகிறவருக்கு அந்தச் சொல் ஒட்டாது. அவருக்குப் பக்கம் உண்டு, அது தப்பும் இல்லை.

உறுப்பினர் அட்டை இருந்தால்தான் தொண்டர் என்பதும் கிடையாது. 1954இல் முதலமைச்சரான காமராசர் நம் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வென்றார். காங்கிரசில் இல்லாத பெரியார் அவரை ஆதரித்தார். அப்படி அட்டை இல்லாமல் ஒரு வேட்பாளருக்காக நடப்பவரும் அந்தக் களத்தில் தொண்டர்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருது பேசும் வீடுகளுக்கு இன்னொரு சொல் தெரியும்: ரஸாகார். ‘ரஸா’ என்றால் மன இசைவு, ‘கார்’ என்றால் செய்பவர். லத்தீன் சொல்லுக்கு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். ஆனால் 1947–48இல் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில் ஓர் ஆயுதப்படை அந்தப் பெயரைச் சூடிக்கொண்டதால் வெளியில் அந்தச் சொல்லுக்கே பயம் ஒட்டிக்கொண்டது. ஒரு சொல்லை யார் சுமக்கிறார்களோ அவர்களுடைய நடத்தையும் அதில் ஏறிவிடுகிறது.

தொண்டருக்கும் அந்த ஆபத்து இருக்கிறது. லாரியில் ஏற்றி வந்து, பிரியாணியும் பணமும் கொடுத்து உட்கார வைத்தவர்களையும் சேர்த்து ‘பல்லாயிரம் தொண்டர்கள் திரண்டனர்’ என்று எழுதுகிறார்கள். அன்றைக்குக் கூலி வேலை இல்லாமல் வந்து உட்கார்ந்த அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை. அவர் கூட்டத்துக்கு வந்தவர், அவ்வளவுதான். கயிறு பிடித்தவரையும் அவரையும் ஒரே சொல்லில் அடைத்தால் இருவருக்கும் நியாயம் இல்லை. செய்தி எழுதுகிறவர்கள் ‘மக்கள் திரண்டனர்’ என்று எழுதினால் போதும். தொண்டரை வேலை செய்தவருக்கு விட்டுவைக்கலாம்.

வினையாக எழுதும்போது ‘வாலண்டியர் செய்தார்’ வேண்டாம். ‘தொண்டாற்றினார்’ மேடைத்தமிழாகத் தோன்றினால் ‘தொண்டராக வேலை பார்த்தார்’ என்று எழுதுங்கள். தொண்டர் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ‘பெண் தொண்டர்’ என்று பிரிக்க வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. அட்டையில் ‘தொண்டன்’ என்று அச்சடிக்காதீர்கள். தன்னைத் தானே தொண்டன் என்று சொல்லிக்கொள்வது பணிவு. இன்னொருவர் சட்டையில் அதைக் குத்திவிடுவது மரியாதைக் குறைவு.