மூட மறந்த மடை

பிசான நெல் அறுவடை முடிந்ததும் திருநெல்வேலி அருகே சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களில் வாத்து மந்தை இறங்கிவிடும். அரிதாளுக்கிடையே சிந்திய நெல், சேற்றில் ஒளிந்த நத்தை, புழு என்று பகல் முழுக்க மேய்ச்சல். மாலையில் வரப்போரம் வலை கட்டி அடைப்பார்கள். விடிவதற்குள் முட்டை கிடக்கும். அந்த மந்தையில் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். ஒன்றரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். பண்ணையில் வளரும் வெள்ளை பெக்கின் வாத்தோ ஆறே வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும்.

தீனிதான் காரணம் என்று நினைப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் ஒரே கொட்டகையில் ஒரே தீனி போட்டு வளர்த்தாலும் நாட்டு வாத்து பெக்கினாகிவிடாது. இத்தனைக்கும் இரண்டும் மல்லார்டு என்ற காட்டு வாத்தின் வழிவந்தவை. ஆண் வாத்தின் வால்மேல் சுருண்டு நிற்கும் இறகைக் கவனியுங்கள். மல்லார்டின் வாலிலும் அதே சுருள் உண்டு. (கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து இதற்குப் பங்காளிதான், பாட்டன் அல்ல.)

ஒரே குடும்பத்தில் இவ்வளவு எடை வேறுபாடு எப்படி வந்தது? சீன ஆய்வாளர்கள் மல்லார்டையும் பெக்கினையும் கலந்து குஞ்சு பொரிக்க வைத்தார்கள். முதல் தலைமுறையில் ஒவ்வொரு குஞ்சும் இரு பக்கத்திலிருந்தும் மரபணுவின் ஒவ்வொரு பிரதி வாங்கிக்கொள்வதால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் பிடிபடாது. அவற்றைத் தங்களுக்குள் சேர்த்த இரண்டாம் தலைமுறையில்தான் சீட்டுக்கட்டு கலைகிறது: பழுப்பாகப் பெருத்தது, வெள்ளையாகச் சிறுத்தது, இடையில் எல்லா வகையும். அப்படிப்பட்ட 1,026 வாத்துகளின் மரபணுத் தொகுப்பைப் படித்து, உடல் அளவோடு சேர்ந்தே வரும் இடத்தைத் தேடினார்கள். முடிவு 2018-ல் வெளியானது. வெள்ளை நிறத்துக்கு ஒரு மரபணு, பருமனுக்கு வேறொன்று. இரண்டாவதன் பெயர் ஐ.ஜி.எஃப்.2பி.பி.1.

பெயர் வாயில் நுழையாது, வேலை எளிது. வளர்ச்சிக் காரணி ஒன்றைச் செய்வதற்கான செய்தி ஆர்.என்.ஏ.வோடு (மரபணுவின் கட்டளையைச் சுமந்துபோகும் நகல்) ஒட்டிக்கொண்டு, அந்த வேலை தடையின்றி நடக்க உதவும் புரதத்தை இது தருகிறது. முட்டைக்குள் இருக்கும் 28 நாளும் கரு வேகமாக வளர வேண்டியிருப்பதால் அப்போது இது தேவை. மல்லார்டில் குஞ்சு பொரித்தபின் இது அடங்கிவிடும். பெக்கினிலோ அடங்குவதே இல்லை.

கன்னடியன் கால்வாயில் ஒரு மடையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் அதுவே, வயலும் அதுவே. பயிருக்கு வேண்டியது பாய்ந்ததும் ஒருவர் பலகையைப் போட்டு அடைக்கிறார்; இன்னொருவர் அடைக்க மறந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். பெக்கினில் நடந்தது பின்னது. மாற்றம் நேர்ந்த இடம், மரபணுவிலிருந்து தள்ளியிருந்துகொண்டு அதை ஏவும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறைச்சிக்காகப் பெரிய வாத்தாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய வளர்ப்பாளர்கள், தங்களுக்கே தெரியாமல் இந்தத் திறந்த மடையைத்தான் பொறுக்கியிருக்கிறார்கள்.

இந்த ஒரு மாற்றத்தால் உடல் 15 சதவீதம் பெருக்கிறது. தின்ற தீனியை உடம்பாக்கும் திறன் 6 சதவீதம் கூடுகிறது. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மல்லார்டு ஏறக்குறைய ஒரு கிலோ. வளர்ந்த பெக்கின் மூன்றைத் தாண்டும். 15 சதவீதம் அந்தக் கணக்கை நிரப்பாது. மீதியை ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளும் பல மரபணுக்களும் தீனியும் சேர்ந்து கொண்டுவருகின்றன. ‘பருமன் மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போடுபவர்கள் இந்த மீதியை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் பெக்கினையே இங்கும் மேய விடலாமே என்று கேட்கலாம். என் கருத்தில் அது சரிப்படாது. மந்தைக்காரருக்கு வருமானம் முட்டை. அதற்கு எடை வேண்டியதில்லை. இரண்டு கிலோ எடையைச் சுற்றி நிற்கும் காக்கி கேம்பல் என்ற முட்டை வாத்து ஆண்டுக்கு 300 முட்டை வரை இடுகிறது. அதோடு மந்தை ஓர் ஊர் வயல் தீர்ந்ததும் அடுத்த ஊருக்கு நடந்தாக வேண்டும். மூன்று கிலோ பெக்கினை வரப்பில் இறக்கி நடக்கவிட்டால், முக்கூடல் போய்ச் சேர்வதற்குள் அதைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.