ஜப்பான் மருந்துக்கடையில் கூடையை நிரப்பும் முன்

சுற்றுலா முடிந்து திரும்பிய ஒருவர், எங்கள் மருந்துக்கடை மேசையில் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தார். ஒசாகாவின் ஷின்சாய்பாஷி கடைவீதியில் வாங்கிய ஆறு பெட்டிகள். சளிக்கு இரண்டு, தலைவலிக்கு ஒன்று, கண் சொட்டு மருந்து, மூட்டுவலி பிளாஸ்திரி, வயிற்றுக்கு ஏதோ ஒன்று. “கூட வந்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள் சார், நானும் வாங்கினேன். எது எதற்கு என்பதுதான் மறந்துவிட்டது” என்றார். வயது அறுபதைத் தாண்டியவர். ரத்த அழுத்த மாத்திரையைப் பல ஆண்டுகளாக எங்களிடம்தான் வாங்குகிறார்.

சளி மருந்துப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே 2 என்ற எண், சிறிய வட்டத்துக்குள் இருந்தது. அந்த வட்டம் அலங்காரத்துக்குப் போட்டதல்ல. மருத்துவர் சீட்டின்றி விற்கும் மருந்துகளை ஜப்பானில் 2009 முதல் மூன்று வகையாகப் பிரித்து, எண்ணைப் பெட்டியிலேயே அச்சிடுகிறார்கள். எண் சிறியதாக இருந்தால் ஆபத்து கூடுதல். முதல் வகையை மருந்தாளுநர் மட்டுமே, விளக்கம் சொல்லித்தான் விற்க வேண்டும். இரண்டாம் வகையில் எண்ணைச் சுற்றி வட்டமோ கட்டமோ இருந்தால், மற்ற இரண்டாம் வகை மருந்துகளைவிடக் கூடுதல் கவனம் தேவை என்று பொருள்.

அவருடைய பெட்டியில் மெத்தில் எஃபெட்ரின் இருந்தது. அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. இருமலை அடக்கும், அபின் வகையைச் சேர்ந்த டைஹைட்ரோகோடீனும் இருந்தது. ஜப்பானியச் சளி மருந்துகள் பலவற்றில் இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அதோடு அசிட்டமினோஃபென். பெயர்தான் புதிது, நம் வீட்டில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால்தான் அது. இரண்டாவது சளிப் பெட்டியிலும் அதுவே. இவற்றை விழுங்கிவிட்டு, உடல் வலிக்கிறது என்று ஊரிலிருந்து கொண்டுபோன பாராசிட்டமாலையும் போட்டால், ஒரே மருந்து மூன்று வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சேரும். இதை நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஜப்பானில் மருந்துக்கடை மருந்துக்கடை போலவே இருக்காது. வாசலில் முகப்பூச்சு, உள்ளே சாக்லேட், பக்கத்து அடுக்கில் வலி மாத்திரை. எல்லாவற்றுக்கும் ஒரே கூடை. ஜப்பான் மாத்திரை என்றாலே வீரியம் அதிகம் என்ற நம்பிக்கையும் நம்மவர்களிடம் இருக்கிறது. அது சரியல்ல. அங்கே கடையில் கிடைக்கும் பல தலைவலி மருந்துகளில் ஒரு வேளைக்கு இபுப்ரோஃபென் 150 அல்லது 200 மில்லிகிராம்தான். நம் ஊரில் சாதாரணமாகக் கொடுப்பதே 400. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் அந்தச் சிறிய அளவைக்கூடத் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பிளாஸ்திரியையும் சும்மா நினைக்க வேண்டாம். சூடு தரும் வகையை ஒட்டிக்கொண்டு வெந்நீர் ஊற்றில் இறங்கினால் தோல் எரிந்துவிடும். ஒரு மணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள். கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால், நிறுத்தியதும் சிவப்பு முன்னைவிடக் கூடும்.

சுற்றுலாப் பயணிகளுக்கு அங்கே தரும் வரிவிலக்கில் ஒரு சிக்கல் உண்டு, பலருக்கும் இது தெரிவதில்லை. ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் வரி இல்லை. ஆனால் மருந்து நுகர்பொருள் என்பதால் பையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள், நாட்டைவிட்டுக் கிளம்பும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. இன்றைய தலைவலிக்கு வாங்கிய மாத்திரையும் அந்தப் பைக்குள் போய்விடும். உடனே தேவைப்படுவதை வரி கொடுத்துத் தனியாக வாங்குங்கள். 2026 நவம்பர் 1 முதல், வரியைக் கட்டிவிட்டுக் கிளம்பும்போது திரும்பப் பெறும் முறை வருகிறது. ஒட்டிய பையும் அதோடு போய்விடும்.

ஊரிலிருந்து கொண்டுபோவதிலும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதிய மருந்து ஒரு மாத அளவு, கடையில் நேரடியாக வாங்கியது இரண்டு மாத அளவு. அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மூக்கடைப்பு மாத்திரைகளைக் கொண்டுபோகவே கூடாது, சட்டம் கடுமையானது. கிளம்பும் முன் உங்கள் மருந்துப் பெட்டியை எங்களைப் போன்ற ஒருவரிடம் காட்டிவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

அங்கே மருந்து விற்கும் கடையில் மருந்தாளுநரோ பதிவு பெற்ற விற்பனையாளரோ இருப்பார். வெள்ளை அங்கியைப் பார்த்ததும் தயங்காமல் கேளுங்கள். கைபேசி மொழிபெயர்ப்பு பெட்டியின் பெயரைச் சொல்லும், உங்கள் உடம்பைப் பற்றி அதற்குத் தெரியாது. அடுத்த பயணத்துக்கென்று அந்த வாடிக்கையாளருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் வேதிப்பெயர், அளவு, ஒவ்வாத மருந்து, ரத்த அழுத்தம் என்ற ஒரு வரி, எல்லாம் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். பாஸ்போர்ட் உறைக்குள் வைக்கச் சொன்னேன். வரிவிலக்குக்காகக் கடையில் பாஸ்போர்ட்டை எப்படியும் எடுப்பார், அப்போது சீட்டும் கையில் வரும்.