கொலை வழக்கைப் படமாக்குகிறீர்களா? டைட்டில் கார்டை நம்பி இறங்காதீர்கள்

நிஜமாக நடந்த கொலை வழக்கை வைத்து எழுதிய திரைக்கதை சட்டப் பார்வைக்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது. "சார், ஆரம்பத்துல கார்டு போட்டுடறோம். பேரையும் மாத்தியாச்சு. போதும்ல?" போதாது. எத்தனை பேரிடம் சொன்னாலும் அடுத்த திரைக்கதை அதே நம்பிக்கையோடுதான் வருகிறது. ஓடிடி தளங்கள் கிரைம் கதைகளாகவே கேட்டு வாங்குகிற இந்த நேரத்தில், ஒருமுறை விரிவாக எழுதிவிடுவது நல்லது.

"இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல." இந்த வரியைப் போட்டவர் மீது வழக்குப் போட முடியாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அவதூறு வழக்கில் நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு: சம்பந்தப்பட்டவரை அறிந்த ஒருவர் படத்தைப் பார்த்தால் 'இது இன்னார்தான்' என்று அடையாளம் காண்பாரா? ஊர் அதே ஊர், வருடம் அதே வருடம், தொழில், ஆயுதம், இறந்தவர்களின் எண்ணிக்கை, குற்றம்சாட்டப்பட்டவர் ஓட்டிய வண்டி வரை எல்லாம் அப்படியே இருக்க, பெயரில் மட்டும் இரண்டு எழுத்தை மாற்றினால் யார் ஏமாறுவார்கள்? பெயரை மாற்றுவது மறைப்பு ஆகாது. மறைக்க வேண்டுமானால் ஊர், தொழில், உறவுமுறை, காலம் என்று அடையாளம் காட்டும் இழைகளில் பெரும்பாலானவற்றை அவிழ்க்க வேண்டும். அப்படி அவிழ்த்தால் உங்கள் படத்துக்கு விளம்பரமே இல்லாமல் போய்விடும் என்பதால் யாரும் செய்வதில்லை.

இன்னும் மோசம், போஸ்டரில் 'நாட்டையே உலுக்கிய உண்மைச் சம்பவம்' என்று அச்சடித்துவிட்டுப் படத்தின் தொடக்கத்தில் 'முற்றிலும் கற்பனை' என்று போடுவது. இரண்டும் ஒரே படத்தில் நிற்காது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தாக்கல் செய்வது படத்தை அல்ல, டிரெய்லரையும் இயக்குநர் யூட்யூபில் கொடுத்த பேட்டியையும்தான். 'இது அந்தக் கேஸ்தான், நான் நேர்ல போய் விசாரிச்சேன்' என்று பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும். கார்டு போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எது பதிவிலிருந்து எடுத்தது, எது புனைந்தது என்று நேர்மையாகச் சொல்லும் கார்டு உங்கள் நல்லெண்ணத்துக்குச் சிறு சான்றாகும். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றாதீர்கள்.

அடுத்தது, 'எல்லாம் பப்ளிக் டொமைன்ல இருக்கு சார்'. இந்தப் பேச்சுக்கு வேர் நம் ஊர் வழக்கிலேயே இருக்கிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிட முயன்றபோது எழுந்த ராஜகோபால் வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றப் பதிவு உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம் என்றது. இந்தப் பாதியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மீதிப் பாதியையும் படியுங்கள். பதிவில் உள்ளதைத் தாண்டிப் போய் ஒருவரின் சொந்த வாழ்க்கையை எழுதினால் அந்தரங்க உரிமையை மீறியதாகும், பின்விளைவுக்கு நீங்களே பொறுப்பு. பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் விஷயத்திலோ பதிவில் இருக்கிறது என்ற சமாதானமே கிடையாது. அதையும் அதே தீர்ப்புதான் சொல்கிறது.

பத்திரிகைச் செய்தி நீதிமன்றப் பதிவு ஆகாது. முதல் தகவல் அறிக்கை வெறும் புகார். 2016 முதல் அது இணையத்தில் ஏற்றப்படுகிறது என்பதால் அதில் உள்ளது உண்மையாகிவிடாது. குற்றப்பத்திரிகை பொது ஆவணமே அல்ல என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. யாரோ ஒரு காவலர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பை வைத்து எட்டு எபிசோடு எழுதாதீர்கள். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலம் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161ஆம் பிரிவு) சாட்சியம் அல்ல, கூண்டில் சாட்சி மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்டத்தான் அது முக்கியமாகப் பயன்படும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் சாட்சியமாக ஏற்கப்படாது. அதைத்தான் நீங்கள் மழை, வயலின் சகிதம் கிளைமாக்ஸாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். சம்மதமின்றி நடத்தும் நார்கோ சோதனை செல்லாது என்று 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பு வந்த பிறகும், மயக்க ஊசி போட்டதும் உண்மை கொட்டுவதுபோல் காட்சி எழுதுவதை நிறுத்துங்கள்.

அப்படியானால் எதைப் படிப்பது? சாட்சியத்தை. அரசுத் தரப்பு சாட்சி ஒன்று, இரண்டு என்று வரிசையாக, முதல் விசாரணையோடு நின்றுவிடாமல் குறுக்கு விசாரணையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கை, மகஜர் (சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் போலீஸ் பதிவு செய்யும் ஆவணம்), சான்றுப்பொருள் பட்டியல், கடைசியாகத் தீர்ப்பு. மேல்முறையீட்டுத் தீர்ப்பு இல்லாமல் கீழமை நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் படிப்பது பாதி வேலைகூட அல்ல. வழக்கில் தரப்பாக இல்லாதவர் சான்றிட்ட நகல் கேட்டால் காரணம் சொல்லி அபிடவிட்டோடு மனுப் போட்டு நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும். பழைய வழக்குக் கட்டு பதிவறையிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்கான நேரத்தை முன்தயாரிப்பு அட்டவணையிலேயே ஒதுக்குங்கள்.

தீர்ப்பு வந்துவிட்டது என்றால் வழக்கு முடிந்துவிட்டது என்று பொருள் இல்லை. நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971இன்படி, குற்ற வழக்கு குற்றப்பத்திரிகை தாக்கலான அல்லது சம்மன், வாரண்ட் பிறப்பித்த நாளிலிருந்து நிலுவையில் உள்ளது. மேல்முறையீடு முடியும்வரை, மேல்முறையீடே செய்யாவிட்டால் அதற்கான காலக்கெடு தீரும்வரை நிலுவைதான். செஷன்ஸ் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் போகப் பொதுவாக 60 நாள், விடுதலையை எதிர்த்து அரசு போக 90 நாள். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கைப் பற்றிய இந்திப் படம் ஒன்று 2005இல் தடைபட்டு, தடா நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு 2007 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. நொய்டாவில் 2008இல் நடந்த சிறுமி கொலையில் பெற்றோருக்கு 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. இடையில் 2015இலேயே படங்கள் வந்துவிட்டன. 'கொன்றவர்கள்' என்று அவற்றில் எங்காவது உறுதியாகக் காட்டியிருந்தால் 2017க்குப் பிறகு அந்தக் காட்சியின் நிலை என்ன? நமக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? 1945இல் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் விடுதலையானார்கள். இரண்டு ஆண்டுக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

இனி, தொழில் தெரிந்தவர்கள்கூடத் தவறும் இடத்துக்கு வருகிறேன். படத்தொகுப்பு ஒரு வழக்கின் சட்ட நிலையையே புரட்டிவிடும். நானாவதி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை கமாண்டர் கவாஸ் நானாவதியிடம் மனைவி சில்வியா, பிரேம் அகுஜாவோடு தனக்கிருந்த உறவை ஒப்புக்கொள்கிறார். அதன்பின் நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் சினிமாத் தியேட்டரில் இறக்கிவிடுகிறார். கப்பலுக்குப் போகிறார். இரவில் தனியாக அகமத்நகருக்குக் கார் ஓட்டப்போவதாகச் சொல்லி ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்குகிறார். உறைக்குள் போட்டுக்கொண்டு அகுஜாவின் அலுவலகத்துக்குப் போகிறார். அங்கே ஆள் இல்லை. அப்புறம் வீட்டுக்குப் போகிறார், படுக்கையறைக்குள் நுழைந்து கதவைச் சாத்துகிறார், மூன்று முறை சுடுகிறார்.

வீட்டை விட்டுக் கிளம்பியது பகல் ஒன்றரை மணிக்கு, கொலை நடந்தது நாலு இருபதுக்கு. ஏறக்குறைய மூன்று மணி நேரம். கொலைக் குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் 'கடும் திடீர் ஆத்திரமூட்டல்' என்ற விதிவிலக்கை உச்ச நீதிமன்றம் மறுத்ததே இதனால்தான், நிதானத்துக்குத் திரும்பப் போதுமான நேரம் இருந்தது என்றது. திரையில் இந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன ஆகிறது? மனைவி சொல்கிறாள், கணவனின் முகத்துக்கு க்ளோசப், கட், துப்பாக்கி. இடையில் இருந்த தியேட்டரும், கப்பலில் சொன்ன பொய்யும், அலுவலக வாசலும் எடிட்டிங் மேசையில் உதிர்ந்துவிடுகின்றன. பார்வையாளர் கண்ணில் அது திட்டமிட்ட கொலையாக இல்லாமல் ஒரு நொடி ஆவேசமாகிவிடுகிறது. பார்ப்பவர் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை, மனதுக்குள் விடுதலை தந்துவிடுவார்.

கதவு சாத்திய அந்த அறையும் அப்படித்தான். கைகலப்பில் குண்டு வெடித்தது என்றது நானாவதி தரப்பு. குளித்துவிட்டு வந்த அகுஜாவின் இடுப்புத் துண்டு அவிழாமல் அப்படியே இருந்தது. கைகலப்பு நடந்திருந்தால் அது நின்றிருக்குமா என்பதுதான் வழக்கில் கனமான கேள்வி. உள்ளே நடந்ததைப் பார்த்த மூன்றாவது ஆள் கிடையாது. அப்படியிருக்க நீங்கள் கேமராவை அறைக்குள் கொண்டுபோய் வைத்து இருவரும் கட்டிப் புரள்வதைக் காட்டினால், ஒரு தரப்பின் வாதத்தைக் கண்கண்ட உண்மையாக்குகிறீர்கள். வசனத்தில் சொன்னதைப் பார்வையாளர் சந்தேகிப்பார், கேமரா காட்டியதைச் சந்தேகிக்க மாட்டார். ஆகவே சாட்சி எங்கே நின்றதாகச் சொன்னாரோ அங்கிருந்து எடுங்கள். வெளியே நின்றவருக்குச் சத்தம் மட்டும் கேட்டிருந்தால் கதவையும் சத்தத்தையும் மட்டும் எடுங்கள். இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எடுங்கள், யார் சொல்வது என்று தெரியும்படி.

ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நானாவதியைக் குற்றமற்றவர் என்றது. பலர் நினைவில் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அது ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1964இல் ஆளுநர் மன்னிப்பில்தான் அவர் வெளியே வந்தார். மன்னிப்பு வேறு, குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வேறு. இந்த வழக்கைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் கணவரைக் கதாநாயகனாக்கினார்கள், இறந்தவர் வில்லனானார். மறுத்துப் பேச அவர் இல்லை. இறந்தவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைப்பவர்கள் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின் முதல் விளக்கத்தைப் படிக்கவும். உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் ஒன்று, குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்லப்பட்டால் அதுவும் அவதூறு.

கொலையோடு பாலியல் வன்முறையும் சேர்ந்த வழக்கென்றால் தயவுசெய்து தனிக் கவனம் எடுங்கள். பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அவர் அடையாளம் வெளிவரக் கூடாது. 'அம்மா அப்பா கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க' என்பது செல்லாது, அடையாளம் வெளிவருவது அவசியமா என்பதை செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மட்டுமல்ல, பள்ளிச் சீருடை, தெரு முனைக் கோவில், வீட்டு வாசல் எல்லாம் அடையாளம்தான். இப்படிப்பட்ட வழக்கின் விசாரணை நடவடிக்கையை நீதிமன்ற அனுமதியின்றி வெளியிடுவதும் தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. குழந்தை சாட்சியாக வந்திருந்தாலும் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு அதே காப்பைத் தருகிறது.

கதை உரிமை ஒப்பந்தம் போட்டால் கையெழுத்திட்டவர் உங்கள் மீது வழக்குப் போட மாட்டார், அவ்வளவே. மற்ற சாட்சிகளையோ கொலையுண்டவர் வீட்டாரையோ அது கட்டுப்படுத்தாது. விசாரணை முடியாத வழக்கில் சாட்சிக்குப் பணம் கொடுத்து 'பேட்டி' எடுக்கவே எடுக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக வரப்போவது அந்தக் காசோலைதான். ஒரு நியாயமான வழக்கு உங்களால் உடைந்துபோகும்.

படப்பிடிப்புக்கு முன் ஓரக்குறிப்பு எழுதிய திரைக்கதைப் பிரதி ஒன்று தயாராக வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் நான்கு விவரம்: எந்தச் சாட்சியம், எந்தப் பக்கம், காட்சியில் வருபவர் உயிரோடு இருக்கிறாரா, எந்த வரி புனைந்தது. இறுதித் தீர்ப்பு ஏற்றதற்குப் பச்சை, சாட்சி சொன்னாலும் நீதிமன்றம் ஏற்காததற்கு மஞ்சள், நீங்கள் எழுதியதற்குச் சிவப்பு. சிவப்பு வரி குற்றச்செயலைப் பற்றியதாகவோ அதற்கான காரணத்தைப் பற்றியதாகவோ இருந்தால் எடுத்துவிடுங்கள். காலை காபி, மழை, ஆட்டோ பேரம் எல்லாம் சிவப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆராய்ச்சி, எழுத்து, எடிட்டிங், டப்பிங் நான்கு கட்டத்திலும் இந்தப் பிரதியோடு ஒருவர் உட்கார வேண்டும். டப்பிங்கில் நடிகர் சேர்க்கும் ஒரு வார்த்தை பச்சையைச் சிவப்பாக்கிவிடும். (நம் நீதிமன்றங்களில் நீதிபதி சுத்தியல் தட்டுவதில்லை, சாட்சி பகவத் கீதையில் கைவைத்துச் சத்தியம் செய்வதும் இல்லை. இதையாவது திருத்துங்கள்.)

டிரெய்லர் வெளிவருவதற்கு முன் கொலையுண்டவர், குற்றம்சாட்டப்பட்டவர் என இரண்டு குடும்பங்களுக்கும் தகவல் சொல்லுங்கள். சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். மகள் கொலையான காட்சியைப் பேருந்து நிலையத்து டிவியில் ஒரு தாய் முதன்முதலாகப் பார்க்க நேரக் கூடாது.

இறுதியாக ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. படம் வந்த பிறகு மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறினால், 30 நாளுக்குள் படத்தின் கடைசிக் கார்டைத் தளம் மாற்ற வேண்டும், செலவு தயாரிப்பாளருடையது என்று எழுதி வாங்குங்கள். தியேட்டர் பிரிண்டில் இது முடியாது, ஓடிடியில் ஒரு ஃபைலை மாற்றினால் முடிந்தது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்தப் பிரிவு இல்லை. கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள், ரிலீஸுக்குப் பிறகு கேட்டால் யாரும் போன் எடுக்க மாட்டார்கள்.