அப்லிங்க் வருகிறது, சரி. அளவு வருகிறதா?

2024 கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் காய்ந்து கருகிய பிறகு, போடி, கம்பம், தேவாரம் பக்கத்து முதலாளிகளிடம் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். தோட்டம் கேரளத்தில், வீடும் கணக்குவழக்கும் தமிழ்நாட்டில் என்று வாழ்பவர்கள் இவர்கள். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, படுதாக்குளத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதை வீட்டிலிருந்தே கைபேசியில் பார்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். உடும்பன்சோலை, நெடுங்கண்டம், பூப்பாறை வட்டாரத்தில் இந்த அளவுகளை எடுத்து ரேடியோவில் அனுப்பும் சென்சார்களைப் பொருத்தித் தருவது என் தொழில். வேறு யாரோ பொருத்திவிட்டுப் போனதைச் சரிபார்க்கவும் கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் இந்த இரண்டாவது வேலைதான் அதிகம்.

அப்படிப் போகிற இடங்களில் பெரும்பாலும் ரேடியோவில் கோளாறு இருப்பதில்லை. அப்லிங்க், அதாவது சென்சார் பக்கமிருந்து ரேடியோவில் வரும் செய்தி, நேரம் தவறாமல் வருகிறது, ஆப்பில் பச்சைப் புள்ளி எரிகிறது, உள்ளே இருக்கும் எண் மட்டும் பொய். "தம்பி, எல்லாம் பச்சையாத்தான் காட்டுது, செடி மட்டும் ஏன் வாடுது?" என்று ஒரு தோட்டக்காரர் கேட்டார். போய்ப் பார்த்தால் சென்சார் ஒயரை எலி கடித்து அறுத்திருந்தது. சென்சாரின் எண்ணை ரேடியோவில் அனுப்பும் கன்வெர்ட்டர் பெட்டி தன்பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது, ஆப் கடைசியாக வந்த நல்ல எண்ணைத் திரையில் அப்படியே வைத்திருந்தது. காலையில் போடிமெட்டு ஏறி ஜீப் வந்துவிட்டது என்பதற்காகக் காட்டுக்கு ஆள் வந்துவிட்டதாக எழுதிக்கொள்ள முடியுமா? கதவைத் திறந்து எண்ண வேண்டும். அப்லிங்க் கதையும் அதுதான்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மண் ஈர சென்சார்கள் பெரும்பாலும் நாலு ஒயரோடு வரும். இரண்டு பவருக்கு, இரண்டு ஆர்எஸ் 485 என்ற தகவல் இணைப்புக்கு. அந்த ஒயரில் ஓடும் பேச்சு மாட்பஸ். 1979ல் மோடிகான் கம்பெனி தொழிற்சாலைக் கன்ட்ரோலர்களுக்காகக் கொண்டுவந்த பழைய முறை, இன்னும் சாகவில்லை. சென்சார் தானாகப் பேசாது, கேட்டால்தான் பதில் சொல்லும். லோராவான் என்பது குறைந்த சக்தியில் வெகுதூரம் எட்டும் ரேடியோ முறை. டிராகினோ போன்ற கம்பெனிகள் விற்கும் ஆர்எஸ் 485 – லோராவான் கன்வெர்ட்டர், நாம் எழுதிக் கொடுத்த கேள்வியை ஒயரில் கேட்கும். வந்த பதிலில் நாம் சொன்ன இடத்துப் பைட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, வெட்டி எடுக்கும். அதை ரேடியோவில் அனுப்பும். அந்த எண் ஈரமா, வெப்பமா, வெறும் குப்பையா என்பது அதற்குத் தெரியாது.

அதனால் கன்வெர்ட்டரைத் தொடுவதற்கு முன்பே சென்சாரை லேப்டாப்பில் பேசவைக்கிறேன். யுஎஸ்பி – ஆர்எஸ் 485 அடாப்டர் சில நூறு ரூபாய்தான். பாட் ரேட் (பேச்சு வேகம்) 9600 அல்லது 4800, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஸ்லேவ் ஐடி (லைனில் சென்சாரின் அடையாள எண்) 1 என்றுதான் பெரும்பாலான சென்சார்கள் வரும். பதிலே வராவிட்டால் முதலில் ஏ, பி என்று குறித்த அந்த இரண்டு ஆர்எஸ் 485 ஒயரை மாற்றிப் பாருங்கள். இந்த எழுத்துகளைக் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக அச்சடிக்கிறார்கள், மாற்றிக் கொடுத்தால் ஒன்றும் எரிந்துவிடாது. ஒரே லைனில் இரண்டு சென்சார் போடுவதென்றால் இரண்டும் ஐடி 1 ஆக இருக்கக்கூடாது. ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதன் ஐடியை 2 ஆக்கிய பிறகே சேர்த்துக் கட்டுங்கள். இதை மேஜையில் செய்தால் நிமிட வேலை. மழையில் அட்டைக் கடியோடு செடிக்கடியில் உட்கார்ந்து செய்தால் அரைநாள்.

சென்சார் ஒவ்வொரு அளவையும் வைத்திருக்கும் அறைக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். அதன் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. மேனுவலில் 40001 என்று போட்டிருந்தால் ஒயரில் கேட்க வேண்டிய முகவரி 0. இது புரியாமல் 1 என்று கேட்டால் அடுத்த ரெஜிஸ்டரின் மதிப்பு வரும். ஈரம் என்று நினைத்து வெப்பநிலையைப் படித்துக்கொண்டிருப்போம். இரண்டுமே இருபது முப்பது என்று வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி கேள்வியையும் பதிலையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், தவறுகளில் பாதி இங்கேதான். ஐடி 1 உள்ள சென்சாரிடம் முதல் ரெஜிஸ்டரைக் கேட்க ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 01 03 00 00 00 01 என்று எழுதி, கடைசியில் சிஆர்சி என்ற பிழை சரிபார்ப்பு எண்ணாக இரண்டு பைட் சேர்க்க வேண்டும். கன்வெர்ட்டரில் கமாண்ட் எழுதும் வரியின் முடிவில் கமா போட்டு 1 என்று கொடுத்தால் சிஆர்சியை அதுவே கணக்குப் போட்டுச் சேர்த்துக்கொள்ளும். அந்த 1ஐ மறந்தால் சென்சார் வாயே திறக்காது. பதில் 01 03 02 01 28 என்று வந்து, பின்னால் சிஆர்சி இரண்டு பைட் இருக்கும். மொத்தம் ஏழு பைட். முதல் பைட் ஐடி, இரண்டாவது நாம் கேட்ட வேலையின் எண், மூன்றாவது பின்னால் இரண்டு பைட் டேட்டா வருகிறது என்ற தகவல். நாலும் ஐந்தும்தான் அளவு. 01 28 என்ற ஹெக்ஸ் 296. பத்தால் வகுத்தால் 29.6 சதவீத ஈரம்.

வெட்டும் இடத்தைச் சொல்லும் டேட்டாகட் செட்டிங்கில் "நாலும் ஐந்தும்" என்று கொடுக்க வேண்டும். புரோகிராம் எழுதிப் பழகியவர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள், அந்தக் கணக்கில் அதே பைட்டுகள் மூன்றும் நாலும் ஆகிவிடும். பெட்டியோ 1லிருந்து எண்ணுகிறது, அதனிடம் மூன்றும் நாலும் என்று கொடுத்தால் வெட்டி வருவது 02 01. அது 513, அதாவது 51.3 சதவீதம். பார்க்க நல்ல எண், ஏலத்துக்கு ஏற்ற ஈரம் மாதிரியே இருக்கும். உண்மையான ஈரம் 51.1லிருந்து 25.6 வரை இறங்கினாலும் திரையில் 51.3 அசையாது, ஏனென்றால் அந்த எல்லைக்குள் அளவின் முதல் பைட் 01 ஆகவே இருக்கிறது. அதற்கும் கீழே போனால் 51.2 காட்டும். மண் காய்ந்து வெடித்தாலும் அவ்வளவுதான். ஒரு பைட் தள்ளி வெட்டியதற்கு ஒரு கோடையே பலியாகலாம். பைட்டுகளை முன்னும் பின்னும் மாற்றிவிட்டால்கூட இவ்வளவு ஆபத்தில்லை. அப்போது 1024.1 சதவீதம் என்று வரும், சிரித்துவிட்டுத் திருத்திவிடுவோம். நம்பும்படியாக வரும் தப்பு எண்தான் பயப்பட வேண்டியது.

சென்சாரிடம் இல்லாத ரெஜிஸ்டரைக் கேட்டால் அது 01 83 02 என்று தொடங்கிப் பதில் சொல்லும். 83 என்றால் மறுப்பு, 02 என்றால் அப்படி ஒரு முகவரி இல்லை. பெட்டிக்கு இதுவும் ஒரு பதில்தான், சொன்ன இடத்தில் வெட்டி அனுப்பிவிடும், வருவது சிஆர்சியின் துண்டு. சில மாடல்களில் பதிலின் தொடக்கத்தைத் தேடிப் பார்த்து, அது பொருந்தினால் மட்டும் வெட்டும் வசதி உண்டு. இருந்தால் 01 03 02 என்று கொடுத்துவிடுங்கள். மூணாறு உச்சிப் பக்கம் வெப்ப சென்சார் போடுபவர்கள் மைனஸ் அளவையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஜனவரியில் உறைபனி விழும். டீகோடரில் (வந்த பைட்டுகளை அளவாக மாற்றும் சர்வர் புரோகிராமில்) மைனஸுக்கு இடம் வைக்காவிட்டால், மைனஸ் 1.0 டிகிரி திரையில் 6552.6 ஆகத் தெரியும்.

பவர் விஷயம் சின்னதுதான், ஆனால் ஆளை ஏமாற்றும். பேட்டரி மாடல்கள் அளவெடுக்கும் நேரத்தில் மட்டும் சென்சாருக்குக் கரண்ட் கொடுத்து எழுப்பும். எழுந்து நிதானமாகச் சில வினாடி எடுக்கும் சென்சாரிடம் உடனே கேட்டால் பூஜ்யமோ அரைகுறை எண்ணோ வரும். பவர் கொடுக்கும் நேரத்தையும், கேள்விக்குப் பின் காத்திருக்கும் நேரத்தையும் தாராளமாக வையுங்கள். 12 வோல்ட் கேட்கும் சென்சாரை 5 வோல்ட் மட்டுமே தரும் பெட்டியில் மாட்டிவிட்டு ரேடியோவைத் திட்டுபவர்களும் உண்டு.

ரேடியோ பக்கம் நான் முதலில் பார்ப்பது அலைவரிசை. இந்தியாவில் லோராவானுக்கு ஐஎன்865 என்ற அலைவரிசைத் திட்டம். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று 2005லேயே விதி வந்துவிட்டது. ஐரோப்பியத் திட்டத்தில் வந்த பெட்டியை அப்படியே ஓடவிட்டால் அது 868.1, 868.3, 868.5ல் கத்தும். இந்திய கேட்வே (அப்லிங்கை வாங்கி இணையத்துக்குத் தரும் கருவி) அதைக் கேட்காது, சட்டப்படியும் அது தப்பு. நம்முடைய அடிப்படைச் சேனல்கள் 865.0625, 865.4025, 865.985. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவது. எல்லாரும் கேட்பது "அஞ்சு நிமிஷம் வைங்க, சார்". மண் ஈரம் அஞ்சு நிமிடத்தில் எங்கே ஓடிவிடப் போகிறது? பள்ளத்தில், மரநிழலுக்கு அடியில் இருக்கும் சென்சார் கேட்வேயை எட்ட எஸ்எஃப் 12 என்ற மிக மெதுவாக அனுப்பும் முறைக்குப் போகும். அதில் பத்து பைட் தகவல் காற்றில் சுமார் ஒன்றரை வினாடி நிற்கும். எதிரே மேட்டில் கேட்வே கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து வேகமான எஸ்எஃப் 7ல் போனால் இதே தகவலுக்கு ஒரு வினாடியில் பதினாறில் ஒரு பங்கு போதும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144 அப்லிங்க், எஸ்எஃப் 12ல் 216 வினாடி. தி திங்ஸ் நெட்வொர்க் என்ற இலவசப் பொதுச்சேவை ஒரு கருவிக்கு நாளுக்கு 30 வினாடிதான் அனுமதிக்கிறது. பேட்டரி கரைவது தனிக் கணக்கு. மண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளம், பள்ளத்துச் சென்சாருக்கு அதையும் இன்னும் தள்ளி வைக்கலாம். கேட்வேயை உயரத்தில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வேறு விஷயம். அங்கே 45, 50 டிகிரியைத் தாண்டினால் காயின் பச்சை நிறம் போய்விடும், ஏலத்தில் விலை அடிபடும். அங்கே கரண்ட் இருக்கிறது, அஞ்சு நிமிடம் வையுங்கள்.

நிறைய சென்சாரை ஒரே அப்லிங்கில் அடைக்கப் பார்ப்பவர்கள், எஸ்எஃப் 10 முதல் 12 வரை ஒரு அப்லிங்கில் 51 பைட்தான் கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். நேரத்தை மாற்ற மலையேற வேண்டியதில்லை. டிராகினோ பெட்டிக்கு 01 00 02 58 என்று டவுன்லிங்க் (சர்வரிலிருந்து பெட்டிக்குப் போகும் செய்தி) அனுப்பினால் இடைவெளி 600 வினாடி ஆகிவிடும். ஆனால் பேட்டரி மாடல் கிளாஸ் ஏ. தான் பேசி முடித்த பிறகு சில நொடிதான் காது கொடுக்கும். அடுத்த அப்லிங்க் வரும்வரை மாற்றம் போய்ச் சேராது. "அனுப்பினேன், கேக்கல" என்று மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள்.

இவ்வளவும் முடிந்து, திரையில் 29.6 என்று வந்ததும் பலர் பெட்டியை மூடிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அப்போதுதான் சோதனை தொடங்க வேண்டும். சென்சார் ஒயரை உருவுங்கள். அடுத்த அப்லிங்கில் என்ன வருகிறது? சில பெட்டி பூஜ்யம் அனுப்பும், சில எஃப்எஃப் எஃப்எஃப் அனுப்பும், சில அந்தப் பகுதியையே விட்டுவிட்டு மற்ற சென்சாரின் எண்ணை அந்த இடத்துக்குத் தள்ளிவிடும். உங்கள் பெட்டி எதைச் செய்கிறது என்று கண்ணால் பார்த்து, டீகோடரில் அதற்கு "சென்சார் பதில் இல்லை" என்று எழுதுங்கள். எண்ணாக மட்டும் காட்டாதீர்கள். பூஜ்ய சதவீதம் என்று வந்தால் தானியங்கி வால்வு இரவெல்லாம் திறந்து, கோடைக்குச் சேர்த்துவைத்த குளத்துத் தண்ணீர் முழுக்கப் போய்விடும். பிறகு ஒயரை மாட்டி, சென்சாரை ஒருமுறை வாளித் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், ஒருமுறை துடைத்துக் காற்றில் பிடியுங்கள். எண் ஏறி இறங்க வேண்டும். அந்த 51.3 வகைப் பொய் இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

வெட்டும் இடத்தைப் பின்னால் யாராவது மாற்றினால் சர்வரில் உள்ள டீகோடரும் மாற வேண்டும். அப்லிங்கில் செட்டிங்கின் பதிப்பைச் சொல்ல பேலோட் வெர்ஷன் என்று ஒரு பைட் போகும், அதை யாரும் கண்டுகொள்வதில்லை. செட்டிங் மாற்றும்போது அதை 1லிருந்து 2 ஆக்குங்கள். எண் பொருந்தாவிட்டால் டீகோடர் அளவைக் காட்டவே கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த சென்சார்களின் சதவீதம் சாதாரண மண்ணை வைத்துக் கணித்தது. இலைச்சருகு மக்கிய ஏலக்காட்டு மண்ணில் 30 என்பதும், கம்பம் திராட்சைத் தோட்டத்து மண்ணில் 30 என்பதும் ஒன்றல்ல. நன்றாக நனைத்த மறுநாள் என்ன காட்டுகிறது, செடி சோரும்போது என்ன காட்டுகிறது என்று தோட்டத்துச் சூப்பர்வைசரிடம் குறித்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் எல்லைகள் அவை இரண்டும்தான். மேனுவலில் இருப்பது இந்த மலைக்கு ஒத்துவராது.

துலாமாத இடிமழை இங்கே கடுமை. நீளமாக ஒயர் இழுத்திருந்தால் இரண்டு முனையிலும் சர்ஜ் (திடீர் மின்னழுத்தப் பாய்ச்சல்) பாதுகாப்பு போடுங்கள், முடிந்தால் ஒயரையே குறையுங்கள். கேட்வேக்கு பேட்டரி பேக்கப் கட்டாயம். மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கேட்வே தூங்கும் நேரத்தில் வந்த சாதாரண அப்லிங்க் போனது போனதுதான், பிறகு வராது.

கடைசியாக, பெட்டியோடு வரும் ஸ்டிக்கர். அதில் டெவ் ஈயுஐ என்ற அடையாள எண்ணும் ஆப் கீ என்ற ரகசியச் சாவியும் அச்சாகியிருக்கும். கோளாறு வந்தால் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "யாராச்சும் பாருங்கண்ணே" என்று கேட்கிறார்கள். அந்த 32 எழுத்துச் சாவி வெளியே போனால், உங்கள் சென்சார் பெயரில் யார் வேண்டுமானாலும் பொய் அளவு அனுப்பலாம். உதவி கேட்க டெவ் ஈயுஐ போதும், சாவியை விரலால் மறைத்துப் படமெடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் கன்வெர்ட்டரிலும் சர்வரிலும் புதிய கீ எழுதி மறுபடி ஜாயின் செய்யுங்கள். செட்டிங் பாஸ்வேர்டு 123456 என்றே இருந்தால் அதையும் அந்த நேரத்திலேயே மாற்றிவிடலாம்.